பிறை கொடுத்த அக்கா பட்டம்

லூர்தம்மாளும் சர்புன்னிசாவும் பேகம்பூர்ச் சந்தொன்றில், அடுத்தடுத்த வீட்டில், ஒரே நாளில் பிறந்தவர்கள். லூர்தம்மாளுக்குத் தொப்புள்கொடி அறுத்த மருத்துவச்சி, கை ஈரம் காயுமுன் அடுத்த வீட்டுக்கு ஓடினாளாம். இடைவெளி இரண்டே மணி நேரம். அதை வைத்துக்கொண்டு லூர்தம்மாள் நடத்திய அக்கா ராஜ்ஜியத்தை வெள்ளைக்காரன்கூட நடத்தியதில்லை. பாயில் நல்ல இடம், பஸ்ஸில் ஜன்னலோரம், எல்லாம் அவளுக்குத்தான்.

1960 மார்ச். கணவனை இழந்து அண்ணன் வீட்டில் அடுப்பூதிக்கொண்டிருந்த சர்புன்னிசாவுக்கு ஒரு சேதி வந்தது. சின்னாளப்பட்டிப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் பொறுப்புக்கு ஆள் தேடுகிறார்கள். தங்க அறை உண்டு. தனக்கென்று ஒரு சாவி. ஆனால் முப்பத்தைந்து வயது நிறைந்திருக்க வேண்டும்.

"நமக்கு முப்பத்துநாலுதான். பேசாம இரு," என்றாள் லூர்தம்மாள்.

"ஒனக்கு முப்பத்துநாலு," என்றாள் சர்புன்னிசா.

இருவரும் பஸ் ஏறினார்கள். இவளுக்கு ரமலான் நோன்பு, அவளுக்குத் தவக்கால ஒருசந்தி. இரண்டு வெறும் வயிறுகளும் வழியெல்லாம் சண்டை பிடித்தன.

விடுதிச் செயலாளர் முத்துச்சாமியிடம் சர்புன்னிசா தன் அத்தாவின் பழைய நோட்டை நீட்டினாள். அவள் பிறந்த நாள் அதில் இருந்தது: ஹிஜ்ரி 1344, ஷஃபான் பதினாறு.

"இப்ப 1379. போன மாசத்தோட முப்பத்தஞ்சு முடிஞ்சிருச்சுங்க."

"இங்கிலீஷ் கணக்குல?"

"முப்பத்துநாலு. பிறை வருஷம் பதினோரு நாள் குறைச்சல்ல? அது சேந்து சேந்து ஒரு வருஷமாயிருச்சு. பிறையப் பாத்துத்தான் நோன்பு வைக்கிறேன், பெருநா கொண்டாடுறேன். வயசுக்கு மட்டும் எதுக்கு வேற கணக்கு?"

முத்துச்சாமி விதித்தாளைப் புரட்டினார். எந்தக் கணக்கு என்று அதில் போடவில்லை. பெஞ்சில் இருந்த லூர்தம்மாளிடம் திரும்பினார்.

"நீங்க இவுகளுக்கு என்ன வேணும்? ஒங்க வயசு?"

"கூடப் பெறக்காத பெறப்பு. ஒரே நாள்ல பெறந்தோம். எனக்கு முப்பத்துநாலுங்க."

சர்புன்னிசா அவளை முறைத்தாள். மூத்தவளே முப்பத்துநாலு என்றால் இளையவள் எப்படி முப்பத்தைந்தாவாள்?

லூர்தம்மாள் எச்சில் விழுங்கினாள். வேப்பெண்ணெய் குடித்த பிள்ளைகூட அப்படி முகம் சுளிக்காது.

"ஆனா நான் மாதா கோயில் கணக்கு. பிறைக் கணக்குல இவுக ஒரு வயசு மூத்தவுக. எனக்கு அக்கா."

முத்துச்சாமி சிரித்துவிட்டார். "எங்க ஆத்தா, ஐப்பசி மழையில பெறந்தவன்னு சொன்னத நம்பித்தான் என்னையவே வேலைக்குச் சேத்தாக. நோட்டுல எழுதியாச்சும் இருக்கே," என்று கையெழுத்துப் போட்டார். "பெருநாள் கழிச்சு வந்து சாவிய வாங்கிக்கங்க."

திரும்பும் பஸ்ஸில் லூர்தம்மாள் பழக்க தோஷத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். சர்புன்னிசா நின்றபடியே குனிந்து சொன்னாள்.

"தங்கச்சி, செத்த நகரு."