துத்தநாகம் வந்த வழி

ஏழாவது தடவை அலசிய பிறகுதான் சோதனைக் குழாயைக் கவிழ்க்கிறார், ஆய்வுக்கூடத்தில் குழாய் கழுவும் ஆசிட் அக்கா. ஆறு போதும் என்று பேராசிரியர் எழுதி ஒட்டியிருக்கிறார். "அது அவர் கணக்கு. என் கைக்கு ஏழு" என்பார் அக்கா.

சுண்டுவிரல் பருமனுள்ள குழாய்கள். இரவெல்லாம் அமிலத்தில் ஊறியவை. அந்த ஆய்வுக்கூடத்தில் உருவாவது ஓர் இரும்பு மருந்து. எம்.ஆர்.ஐ. படத்தில் சும்மா இருட்டாகக் கிடக்கும். துத்தநாகத்தைக் கண்டால் மட்டும் அந்த இடம் வெளுக்கும். இன்னும் எந்த நோயாளிக்கும் போகவில்லை, குழாய்க்குள்தான் இருக்கிறது.

வீட்டில் அக்கா இதை விளக்கினார்: "அந்த இரும்பு எப்பவும் உம்முனு இருக்கும். ஜிங்க்கைப் பாத்தாதான் பல்லைக் காட்டும்."

"நம்ம மாமா சாப்பாட்டைப் பாக்குற மாதிரி" என்றான் தம்பி. அக்காவின் கணவர் மறுக்கவில்லை; சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போன மாதம், துத்தநாகமே விடாத குழாயும் வெளுத்துவிட்டது. ஒன்று, மருந்து பொய். ஆராய்ச்சி மாணவியின் நான்கு வருட உழைப்பும் பொய். இல்லையென்றால் கழுவியது சரியில்லை, குழாயில் பழைய துத்தநாகம் ஒட்டியிருக்கிறது. பேராசிரியருக்கு இரண்டாவது காரணம்தான் பிடித்திருந்தது. "கழுவ வேற ஆள் பாக்கலாம்" என்று அவர் சொன்னது சுவர் தாண்டி அக்காவுக்குக் கேட்டது. 

அக்கா அழவில்லை. கழுவிக்கொண்டே, யார் எதைத் தொடுகிறார்கள் என்று இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் மாணவியைக் கூப்பிட்டார்.

"சாருக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. வெள்ளையா ஒரு களிம்பு தடவிக்கறார். அதைச் சொறிஞ்ச கையோட வந்து, நான் ஒழுங்கா கழுவினேனான்னு குழாய் வாயில விரலை விட்டுப் பாக்கறார். அந்த டப்பால என்ன எழுதியிருக்குன்னு பாரும்மா."

மாணவி பார்த்தாள். ஜிங்க் ஆக்சைடு. துத்தநாகமேதான்.

"அக்கா, இதை யாரு அவர்கிட்ட சொல்றது?"

"நான் கழுவுற ஆளு. நீதானே படிச்சவ."

சொல்லிவிட்டாள். பேராசிரியரை வெளியே உட்காரவைத்து மறுபடி படம் எடுத்தார்கள். துத்தநாகம் விட்ட குழாய் வெளுத்தது; விடாதது இருட்டாகவே இருந்தது.

மாலையில் பேராசிரியர் கழுவும் அறைக்கு வந்தார். "வந்து... அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்து, கழுத்தைச் சொறிந்தார்.

அக்கா தன் முக்காலியைக் காலால் ஓரமாகத் தள்ளி, தொட்டியருகே அவர் கை கழுவ இடம் விட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டார்.