மொழியின் எல்லைகள்: சனி, ஞாயிறு மட்டும்

சொல்ல முடியாதவற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசிச் சம்பளம் வாங்குகிற தொழில் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது தத்துவ வாத்தியார் தொழில்.

நான் அந்தத் தொழிலில் இருக்கிறேன். ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைச் சனி, ஞாயிறுகளில் வாடகைக்கு எடுத்து அஞ்சல்வழிப் படிப்புக்கு வகுப்பு நடத்துகிறார்கள். அதில் எம்.ஏ. தத்துவத்துக்கு நான் ஒருவன்தான். படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் வேலையில் இருப்பவர்கள். பதவி உயர்வுக்கு ஏதோ ஒரு எம்.ஏ. வேண்டும், தத்துவத்தில் யாரையும் ஃபெயில் போட மாட்டார்கள் என்று எவரோ சொல்லி வந்து சேர்ந்திருப்பார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்துகொண்டு, மொழி எதுவரை போகும், மனிதன் உண்டாக்கிய கருத்துகள் எதுவரை பிடிக்கும் என்று நவீன மேலைத் தத்துவத்தில் ஒரு தாள் முழுக்கக் கேட்பார்கள்.

வீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடற்கரையில் புருஷன் வளைகுடாவிலும் பெண்டாட்டி ஊரிலும் இருப்பது வழக்கம். எங்கள் வீட்டில் அது தலைகீழ். என் மனைவி மெர்சி மஸ்கட்டில் நர்ஸ். நான் தங்கச்சிமடத்தில் ஒற்றை ஆளாகச் சோறு பொங்கிக்கொண்டிருக்கிறேன். அவளுடைய ஒப்பந்தம் முடியப் போகிறது. ஊருக்குத் திரும்புகிறாயா, இன்னும் மூன்று வருடம் இருக்கிறாயா என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். அவள் வந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. எப்படிப்பட்ட ஆசை என்றால், தெருவில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டால், அவள் மஸ்கட்டில் இருக்கிறாள் என்று நன்றாகத் தெரிந்தும், எழுந்து போய் வாசலைப் பார்க்கிற ஆசை. இதை அவளிடம் சொன்னதில்லை. சொல்ல நினைத்ததைத் தவிர மற்றதை எல்லாம் பேசிவிட்டுப் போனை வைத்த பழக்கம் உங்களுக்கும் உண்டென்றால், நாம் எல்லோரும் ஒரே கட்சி.

ஏட்டையாவுக்குப் பாடம் விளங்கியது

ஒரு பொருள் தன்னளவில் எப்படி இருக்கிறது என்பது நமக்குத் தெரியவே தெரியாது, நம் புலனும் புத்தியும் காட்டுகிறபடிதான் தெரியும் என்பது முதல் பாடம். ஜெர்மனிக்காரர் ஒருவர் இதைச் சொல்லி இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேட்கிறவர்களுக்கு இன்றைக்கும் தலை சுற்றும். உதாரணம் சொன்னால்தான் நகரும்.

"இப்ப வீடியோ கால் பேசுறோம். திரையில ஒருத்தங்க தெரியிறாங்க. டவர் இருக்கிற அளவுக்குத்தான் தெரிவாங்க, கேமரா காட்டுற பக்கம்தான் தெரிவாங்க. அது அவங்கதானா? அவங்க கை சூடா இருக்கா, தலைக்கு என்ன எண்ணெய் வச்சிருக்காங்க, இதெல்லாம் அந்தத் திரையில இருக்கா?" என்று கேட்டேன். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். கண்ணுக்குக் கீழே கறுத்திருப்பது தூக்கம் கெட்டதாலா, அந்த அறையின் வெளிச்சமே அப்படியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று வேறு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே போனேன். கடைசி பெஞ்சில் இருந்த போலீஸ் ஏட்டு சேதுராமன் கையைத் தூக்கினார். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரை விசாரித்த மனிதர்.

"பாடம் நல்லா வெளங்கிருச்சு சார். வீட்டுல எப்ப வாராங்க?" என்றார்.

நிம்மதி தேடி வந்தவர்

பரமக்குடியில் சேலைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், தத்துவம் என்றால் தியானம் மாதிரி ஏதோ என்று நினைத்துச் சேர்ந்துவிட்டார். முதல் வகுப்புக்கு நெற்றி நிறையத் திருநீறு பூசி, சட்டைக்கு மேல் துண்டு போட்டு வந்தார். அன்றைக்குக் காரண காரியம் என்பது நம் மனசின் பழக்கம்தான், உலகத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம் என்று நடத்தினேன். அடுத்த வகுப்பில் 'நான்' என்கிற சொல்லுக்குப் பின்னால் உண்மையில் யாராவது இருக்கிறார்களா என்ற கேள்வி. அதற்கடுத்த வாரம் அவர் துண்டு இல்லாமல் வந்தார்.

வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்து வந்தார். கடையில் தான் சிரிக்கிற சிரிப்பு யாருடையது என்று யோசனை வந்துவிட்டதாம். பில் போடும்போது கை நின்றுவிடுகிறதாம். எனக்குப் பாவமாக இருந்தது. பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், ஒன்றும் தப்பில்லை என்றேன்.

"நிம்மதி கெடைக்கும்னு வந்தேன் சார், இருந்ததும் போச்சு. அடுத்த வாரம் எத்தன மணிக்கு?" என்றார்.

வெறுங்கூடு

அனுபவத்தில் தொட்டுப் பார்க்காத கருத்து வெறுங்கூடு என்று ஒரு பாடம் உண்டு. சொல் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இதற்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் சொர்க்கம், நரகம் என்று எழுதுவார்கள். நானும் அதற்கே மார்க் போட்டுப் பழகிவிட்டேன்.

வசந்தி மண்டபம் முகாமில் இருந்து வருகிற பெண். தாய் தகப்பன் இலங்கையில் இருந்து படகில் வந்தவர்கள். இவள் முகாமிலேயே பிறந்து வளர்ந்து, இப்போது ராமநாதபுரத்தில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். பதவி உயர்வு கிதவி உயர்வு எதுவும் கிடையாது, படிப்பை விட மனசில்லை, அவ்வளவுதான். எங்களைப் போலவும் பேசுவாள், மனசு கனத்தால் வீட்டில் பேசுகிற இலங்கைப் பேச்சு வந்துவிடும். அன்றைக்குப் பாடம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"நீங்க எப்ப திரும்பிப் போவீங்க எண்டு எல்லாரும் கேக்கினம் சார். அம்மாவும் ஒவ்வொரு நாளும் அதத்தான் கதைப்பா. நான் அங்க போனதே இல்ல. போகாத இடத்துக்கு எப்பிடித் திரும்பிப் போறது?" என்றாள். நான் கரும்பலகையை அழித்துக்கொண்டே, 'திரும்பிப் போவது' என்கிற சொல் வெறுங்கூடுதான் என்று ஒத்துக்கொண்டால் மனசு ஆறுமா என்று கேட்டேன்.

"கூடு வெறுமையாத்தான் இருக்கு சார். ஆனா ராத்திரியில அதுக்குள்ளதான் போய்ப் படுக்கிறன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை மெர்சிக்கு ஓய்வு நாள். மதியம் கூப்பிடுவாள். என்ன குழம்பு, மழை உண்டா, தண்ணி வருதா என்று வரிசையாகக் கேட்பாள். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. "ஞாயித்துக்கெழம எழுதிக் குடுக்கணும். வரவா, இருக்கவா? நீங்க சொல்லுங்க" என்றாள்.

வந்துரு என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வியாதி உண்டு. எந்தக் கேள்வி வந்தாலும் இரண்டு தரப்பையும் எடுத்து வைக்காமல் முடிவு சொன்னால் பாவம் என்று பழகியிருக்கிறோம். ஒரு பக்கம் பார்த்தால் வார்டுப் பொறுப்பு இப்போதுதான் உன் கைக்கு வந்திருக்கிறது என்றேன். இன்னொரு பக்கம் பார்த்தால் சேர்ந்து இருப்பதும் முக்கியம் என்றேன். எல்லாமே நல்ல வாழ்க்கை என்பதை நாம் எப்படி வரையறுக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றேன். கட்டின பெண்டாட்டியிடம் 'வரையறுக்கிறோம்' என்ற சொல்லைப் போட்ட மனிதன் நான். அவள் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணம் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது, நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று ஆகியிருந்தது.

மெர்சி குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். வகுப்பில்கூட என்னை யாரும் அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

"நான் வீட்டுக்காரர்ட்ட கேட்டேன். வாத்தியார் பதில் சொல்றாரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பல்வலி

சனிக்கிழமை முழுக்க என்ன சொல்லலாம் என்று யோசித்தே போனது. வாக்கியம் ஒன்று உண்டாக்குவேன், அதற்கு மறுப்பு நானே சொல்வேன். இப்படியே ஞாயிறு காலை வகுப்பு வந்துவிட்டது. பாடமும் நேரம் பார்த்து வந்தது போல வலியைப் பற்றி. என் வலி எனக்குத்தான் தெரியும், ஆனால் 'வலி' என்கிற சொல் ஊருக்குப் பொது; அப்படியானால் அந்தச் சொல் எதைத்தான் சொல்கிறது? ஒரு பொருளுக்குப் பெயர் வைப்பது போல நாம் வலிக்குப் பெயர் வைப்பதில்லை, 'வலிக்கிறது' என்று சொல்வதே இன்னொருவரிடம் நாம் செய்கிற ஒரு காரியம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

ரஹ்மத் நிஷா கீழக்கரையில் பள்ளிக்கூட டீச்சர். புருஷன் அபுதாபியில். வகுப்பில் வாயே திறக்காத பெண். அன்றைக்கு எழுந்து நின்றாள். "போன வாரம் மச்சான்ட்ட பல்லு வலிக்குதுன்னு போன்ல சொன்னேன் சார். டாக்டர்ட்ட காட்டு, எந்த டாக்டர்னு கேட்டுச் சொல்லவா, மாத்திர பேரு அனுப்பவான்னு ஒரே அக்கறையாக் கேட்டாங்க" என்றாள். நல்ல மனுஷன்தானே என்று பரமக்குடி அண்ணாச்சி எடுத்துக்கொடுத்தார்.

"நல்ல மனுசர்தான். ஆனா, டாக்டர்ட்ட போறதுக்கா நான் அபுதாபிக்குப் போன் பண்ணேன்?" என்றாள்.

டீ இடைவேளை

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, சைக்கிள் ஷெட் பக்கம் போய் மஸ்கட்டுக்கு அடித்தேன். டியூட்டி நேரத்தில் நான் கூப்பிடுவதே இல்லை, பதறிக்கொண்டு எடுத்தாள். "மெர்சி, வந்துரு. நீ இல்லாம என்னால இருக்க முடியல" என்றேன். மறுப்பு, மறுபக்கம் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் தள்ளுவண்டி உருளுகிற சத்தமும், யாரோ அரபியில் கூப்பிடுவதும் கேட்டது. "காலைல ஆபீஸ் தொறந்ததுமே கையெழுத்துப் போட்டுட்டேங்க. மூணு வருசம்" என்றாள். மாற்ற முடியாதா என்று கேட்டேன். முடியாது என்றாள். தகரக் கூரைக்குக் கீழே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டீ கிளாஸோடு வந்த ஏட்டையா என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி நடந்தார். மெர்சிக்கு வேலை இருக்கும், வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"இப்பச் சொன்னீங்கல்ல, அத இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

மொழிக்கு எல்லை உண்டு என்பது சத்தியமான உண்மைதான், ஆனால் எங்களைப் போன்றவர்கள் அதற்கு எத்தனையோ மைல் முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு, எல்லை வந்துவிட்டது என்று சொல்லி இறங்கிக்கொள்கிறோம்.