டெல்பர்ட்டின் தொண்ணூற்றெட்டு

எங்கள் கான்சாஸ் விமானத் திடலில் ஒரு வதந்தி: கருவிகளை மட்டும் நம்பி மேகத்துக்குள் பறப்பதற்கான எழுத்துத் தேர்வில், வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானி டெல்பர்ட் பத்தே நாள் படித்துத் தொண்ணூற்றெட்டு வாங்கினாராம். விசாரித்தேன். உண்மைதான். பயிற்சியாளர் லோரீன் கொடுத்த தடித்த பாடநூலைத் திறக்காமல், கேள்விக்கு மூன்று விடை தந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வுதானே என்று, வினா விடைத் தொகுப்பை உருப்போட்டிருக்கிறார்.

மறுவாரம் இருவரும் மேகத்துக்குள் பறந்தபோது லோரீன் கேட்டிருக்கிறார்: "இறங்கக் காத்திருக்கணும். வட்டமடிக்க எந்தப் பக்கம் திரும்புவீங்க?"

"மூணு விடையையும் சொல்லும்மா, சரியானதை எடுத்துடறேன்."

"மேகம் விடையெல்லாம் கொடுக்காதுய்யா! கையை எடுங்க, நான் ஓட்டறேன்."

செய்முறைத் தேர்வுக்குப் போக லோரீனின் கையெழுத்து வேண்டும். கேட்க டெல்பர்ட்டுக்கு வாய் வரவில்லை. பத்திரமாகத் தரையிறக்கியதற்கு ஒரு நன்றியும் பாக்கி. லோரீனின் கார் வந்தாலே விமானக் கொட்டகைக்குப் பின்னால் போய்விடுகிறார்.