கணக்கு சாரின் கிளவுஸ்

திருநெல்வேலியில் பைக் பயண உடுப்பு விற்றுப் பிழைக்கிறவன் முதலில் வெயிலோடு மல்லுக்கட்ட வேண்டும், அப்புறம்தான் வாடிக்கையாளரோடு. கடை வைத்து மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? மலைப்பாதை, மண்பாதை என்று கிளம்புகிறவர்களுக்கு வேண்டிய ஜாக்கெட், பூட்ஸ், கிளவுஸ் எல்லாம் வண்ணார்பேட்டையில் என் கடையில் கிடைக்கும்.

வெந்தவர்

சித்திரை வெயிலில் தச்சநல்லூர் அரிசிக்கடை அண்ணாச்சி ஒருவர் வந்தார். லடாக் போகிறாராம். ஜாக்கெட் உடம்போடு ஒட்டித்தான் இருக்க வேண்டும், தொளதொளவென்று எடுத்தால் விழும்போது பாதுகாப்புப் பட்டை ஒருபக்கமும் முழங்கை ஒருபக்கமும் போய்விடும் என்று தொண்டை வறளச் சொன்னேன். கண்ணாடியில் தன் வியர்வையைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்:

"லடாக் கெடக்கட்டும் வே, இதப் போட்டுக்கிட்டு பாபநாசம் போய்ச் சேருததுக்குள்ள இட்லியா வெந்திருவேன் போலிருக்கே."

நிபந்தனை

சாமுவேல் சார் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியார். மனைவி ரூபி அக்காவோடு வந்தார். ஜூன் மாதம் நண்பர்களோடு வடக்கே ஸ்பிதி பள்ளத்தாக்குக்கு பைக்கில் போகத் திட்டம். கல்லும் ஓடையும் பனியுமாகக் கிடக்கிற பாதை அது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே உள்ள ஆசையாம்.

அவருடைய வலது கை ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினேன். அவர் மறைக்கவில்லை. நடுக்குவாதம், இப்போதுதான் ஆரம்பம். டாக்டர் இப்போதைக்கு வண்டி ஓட்டத் தடை சொல்லவில்லை, அடுத்த வருஷத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அக்காவைச் சம்மதிக்க வைப்பதற்காக சாரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"உடுப்பு பூராவும் யார் தொணையும் இல்லாம நானே மாட்டணும் தம்பி. ஒரு பெல்ட்டு வாரப் பூட்ட முடியாத கை பிரேக்கப் புடிக்கக் கூடாது."

அக்காவின் ஜெபம்

அன்று என் கடை பரீட்சை ஹாலாகிவிட்டது. ஜாக்கெட் ஜிப்பின் நுனி அவர் விரலுக்குச் சிக்கவில்லை. ஷூ லேஸை அதில் கோத்து வளையமாகக் கட்டிக் கொடுத்தேன், விரலை நுழைத்து இழுத்துவிட்டார். கொக்கி வைத்த பூட்ஸ் சரிப்படவில்லை என்று அகலமான வெல்க்ரோ பட்டை உள்ளதை எடுத்துப் போட்டேன். குனிந்து, மூச்சு வாங்கி, இரண்டு காலிலும் அவரே இழுத்து ஒட்டிவிட்டு நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அவர் பில் போடும் இடத்துக்கு நகர்ந்ததும் அக்கா என்னிடம் பைய சொன்னாள்:

"இவுக தோத்துப் போகணும்னு ஜெபம் பண்ணிட்டு வந்தேன் தம்பி, இப்பக் கையத் தட்டணும்போல இருக்கு."

தடித்த கிளவுஸ்

குளிருக்கான கிளவுஸ் மட்டும் பாக்கி. சரக்கு வர மே கடைசி ஆகிவிட்டது. அதற்குள் கை இன்னும் மோசமாகியிருந்தது. இதில் ஒரு சங்கடம் உண்டு: ஒரு கையில் தடித்த கிளவுஸைப் போட்டபிறகு, அந்த மொத்தை விரல்களால்தான் மறுகை கிளவுஸின் மணிக்கட்டு வாரை இழுத்து ஒட்ட வேண்டும். எத்தனையோ தடவை முயன்றார். வார் நழுவியபடியே இருந்தது. பொறுக்காமல் நான் கையை நீட்டினேன். அக்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

பிறகு அவளே, "பரவாயில்லங்க, கூட வாரவங்க மாட்டிவிடட்டும், போயிட்டு வாங்க" என்றாள். சார் கிளவுஸைக் கழற்றி என் மேஜைமேல் ஜோடியாக வைத்தார்.

"கண்டிஷன் போட்டது நாந்தான் ரூபி, வாங்குன மார்க்க நானே திருத்தக் கூடாது."

ஜூன்

நண்பர்கள் மட்டும் ஸ்பிதிக்குக் கிளம்பிப் போன அன்று மத்தியானம் கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சார் தனியாக இறங்கினார். அந்தக் கொளுத்துகிற வெயிலில் ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டிருந்தார். காலையில் அவரே மாட்டியிருக்கிறார், கழற்ற வரவில்லை. முகம் வெந்து சிவந்திருந்தது. ஃபேனைத் திருப்பிவைத்து, தண்ணீர் கொடுத்து, அக்கா வீட்டில் இல்லையா என்று கேட்டேன்.

"இருக்கா தம்பி, அவ கழட்டுனா அழுதிருவா, நீ கழட்டு."

மாட்டிவிடுவதுதான் நம் தொழில் என்று நினைத்துக் கடை திறந்தோம் சக பாவிகளே, கழற்றிவிடுவதும் இதில் சேர்த்திதானாம்.