சித்தப்பாவின் கத்தரி நாற்று

எங்கள் வீட்டில் நல்ல பானையைவிட ஓட்டைப் பானைக்கு மரியாதை கூடிப்போன ஒரு தை மாதம் உண்டு. அதற்குக் காரணம் என் சித்தப்பா.

சுரங்க வேலைக்கென்று அப்பாதான் அவரை வேலூர்ப் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு அழைத்து வந்திருந்தார். சித்தப்பா ஒரே ஒரு ஷிப்டு, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கி ஏறினார். மறுநாள் வயிற்றுவலி என்று படுத்தார். வலி தீர்ந்த பிறகும் ஷாஃப்டுக் குழிப் பக்கம் போகாமல், எங்கள் தட்டி வீட்டுக்குப் பின்னால் மண்ணைக் கொத்தத் தொடங்கினார். பேத்தமங்களாவுக்கு நடந்தே போய்க் கத்தரி விதை வாங்கி வந்தார். கோடையில் தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்க நம்ம காய்தான் என்றார்.

நாற்று பிழைத்தால் காய் விற்கட்டும், இல்லாவிட்டால் மறுபடி கேஜ்தான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் தைப் பனி வழக்கத்தைவிடக் கடுமை. முதல் விதைப்பு இரண்டு இலை விட்டதுமே கருகிப்போயிற்று. சித்தப்பா அன்று சாப்பிடவில்லை. மறுபடி விதைத்தார். அதிலிருந்து, பொழுது சாய்ந்தால் வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் போகும். ஓட்டைப் பானை, பிய்ந்த முறம், மண்ணெண்ணெய்த் தகரம், வெடிமருந்து வந்த பலகைப் பெட்டி எல்லாம் நாற்றுகளின் மேல் கவிழ்ந்து கிடக்கும். வெயில் வந்ததும் திறந்துவிடுவார்.

"இன்னா கொழுந்தனாரே, சோறு பொங்க ஒரு பானையாவது வுட்டு வெப்பீங்களா?" என்று அம்மா சண்டைக்குப் போவாள்.

"ஓட்டப் பானதான் அண்ணி எடுத்தேன்."

"நீங்க எடுக்கறப்ப அதுல ஓட்ட இல்லியே!"

ஒரு சாயங்காலம் காற்று ஊசியாய்க் குத்தியது. அப்பா ராத்திரி ஷிப்டுக்குப் போயிருந்தார். மூட ஒன்றும் மிச்சமில்லாமல் பாதிப் பாத்தி திறந்து கிடந்தது. சித்தப்பா தலைப்பாகையை அவிழ்த்து விரித்தார், போதவில்லை. அப்படியே பாத்தி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை திட்டிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று உள்ளே போய், ஷிப்டு முடிந்து வந்து அப்பா போர்த்திக்கொள்ளும் கம்பளியை எடுத்து வந்தாள். நான்கு குச்சி நட்டு அதன் மேல் விரித்தாள்.

காலையில் அப்பா சுரங்கத்துச் சூட்டில் வேர்த்து நனைந்த உடம்போடு வெடவெடத்துக்கொண்டு வந்தார். கம்பளியைத் தேடிப் பின்பக்கம் போனார். சித்தப்பா ஓடிவந்து அதை இழுக்கப் பார்த்தார்.

"இன்னாடா இது?"

சித்தப்பா கையை எடுத்துக்கொண்டார். அப்பா குந்தி உட்கார்ந்து கம்பளியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். பச்சை மாறாமல் நாற்று நின்றது. ஓரத்தை மெல்லக் கீழே விட்டார்.

"வெயில் ஏறட்டும். அப்புறமா எடு."

அன்று அவர் அம்மாவின் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்.

நாற்று பிழைத்தது. கோடையில் சித்தப்பா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு லைன் லைனாகக் கத்தரிக்காய் விற்றார். அதன் பிறகு அவர் கேஜில் கால் வைக்கவே இல்லை.

காய்த்த அந்த நாட்களில், ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அப்பா செடிகளுக்கு நடுவே போய் நிற்பார். ஷிப்டுச் சங்கு ஊதும். அம்மா கூப்பிடுவாள். அப்புறமும் ஒரு இலையைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டுத்தான் போவார். அவருக்குக் கத்தரிக்காய் என்றால் அத்தனை ஆசை என்று நினைத்துக்கொண்டேன். கேஜைக் கண்டால் அவருக்கும் பயமாக இருந்திருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.