ஒன்றரை முழத்துக்குள் அக்கா

எனக்குப் பழைய லென்ஸ் என்றால் பைத்தியம். என் கமரா தானே குறி பார்த்து, தானே வெளிச்சம் அளந்து, படத்தைக் கையில் தந்துவிடும். அதில் எனக்கென்ன வேலை? பிலிம் காலத்து லென்ஸின் வளையத்தை விரலால் திருகத் திருக, மங்கிக் கிடந்த முகம் மெல்லத் தெளிந்து வரும். அந்தச் சுகமே வேறு. என் மனைவி அதைத் "தயிர் கடையிறது" என்பாள்.

போன வருடம் கொழும்பில், பழைய சாமான் கடையொன்றில் அப்படியொரு லென்ஸ் அகப்பட்டது. அது என் கமராவில் நேரே பொருந்தாது. இடையில் அடப்டர் என்றொரு வளையம் வேண்டும். அதில் இரண்டு வகை: உள்ளே சின்னக் கண்ணாடி வைத்தது, வைக்காதது. இடையில் கண்ணாடி வந்தால் படத்தின் தரம் கெடும் என்று பழைய லென்ஸ்காரர்கள் ஓயாமல் ஓதுவார்கள். கலப்படமே வேண்டாம் என்று நானும் கண்ணாடி இல்லாததையே வரவழைத்தேன். வந்தவுடன் முற்றத்துச் செவ்வரத்தம்பூவைக் கிட்ட வைத்து எடுத்துப் பார்த்துப் பூரித்துப்போனேன்.

அதற்கு அடுத்த நாள் என் அக்கா லண்டனுக்கு, அத்தானிடம் போவதாக இருந்தாள். எங்கள் வாவிக்கரை ஊரான குருக்கள்மடத்தை விட்டு ஒரு மாதம் சேர்ந்தாற்போல் வெளியில் இருந்தவளில்லை அவள்.

"தம்பி, வாவியும் நானும் நிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துத் தா. அங்க சுவரில மாட்டவேணும்" என்றாள். கேட்டது அது ஒன்றுதான்.

போனில் எடுத்தது எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. போனில் குறையில்லை. அக்காவுக்கு முன்பல் கொஞ்சம் எடுப்பு. கமராவைக் கண்டாலே உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள். கலியாணப் படத்தில்கூட அத்தானோடு சண்டை பிடித்தவள் போலத்தான் நிற்கிறாள்.

அன்று பின்னேரம் அக்காவும் நானும் என் மனைவியும் வாவிக்கரைக்குப் போனோம். வெயில் எதிரே, மேற்கில் படுவான்கரைப் பக்கம் சாய்ந்து தண்ணீரெல்லாம் பளபளத்தது. அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு உதட்டை மூடினாள். நான் பத்தடி தள்ளி நின்று வளையத்தைத் திருகினேன். மங்கல். முட்டும்வரை திருகினேன். அப்போதும் மங்கல். அப்போதுதான் உறைத்தது: அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் இந்த லென்ஸுக்குத் தூரப் பார்வையே கிடையாது. ஒன்றரை முழத்துக்கு அப்பால் உலகமே புகை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது. வேறு லென்ஸ் எதற்கு என்ற மிதப்பில் மற்றதை வீட்டில் விட்டு வந்திருந்தேன்.

"எடுத்திட்டியாடா?"

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாறன்."

நகர்ந்தேன். பிறகும் நகர்ந்தேன். கடைசியில் லென்ஸ் அவள் மூக்கில் இடிக்காத குறை.

"டேய், படம் எடுக்க வந்தியா, பல்லுப் புடுங்க வந்தியா?"

"அசையாதீங்க மச்சாள்" என்றாள் என் மனைவி பின்னாலிருந்து. "வெண்ணெய் திரண்டு வாற நேரம் தாழிய உடைச்சிராதீங்க."

அக்கா வெடித்துச் சிரித்தாள். முகம் தெளிந்து நின்றது. அமுக்கினேன். எனக்கு வந்த சந்தோஷத்தில் வாவியும் மறந்தது, அடப்டரும் மறந்தது.

திரையைப் பார்த்த பிறகுதான் வாவி ஞாபகம் வந்தது. படம் முழுக்க அக்காவின் முகம். பல், கண்ணோரச் சுருக்கம், நெற்றி வியர்வை எல்லாம் துல்லியம். பின்னால் வட்ட வட்டமாகக் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். தண்ணீரும் இல்லை, படுவான்கரையும் இல்லை.

"வெளிச்சம் இன்னும் கிடக்கு அக்கா. ஓடிப்போய் மற்ற லென்ஸ எடுத்திட்டு வாறன். இத அழிச்சிரட்டா?"

அவள் கமராவைப் பறித்துக்கொண்டாள். திரையில் சிரித்த முகத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"வாவியக் காணல்லயே மச்சாள்" என்றாள் என் மனைவி.

"வாவி எனக்குக் கண்ண மூடினாலும் தெரியும் மச்சாள்" என்றாள் அக்கா. "இவள நான் இண்டைக்குத்தானே பாக்கிறன்."