காலி வீதியை வரைந்த கொப்பி

அன்ரன் அண்ணாவின் சவப்பெட்டிக்கு அருகில் நின்றபோது அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார்: "பிள்ளை, நீரும் அந்தக் கொம்பியூட்டர் வகுப்புத்தானே? இவன் ஏன் அந்தக் கொப்பியில ரோட்டை வரைஞ்சவன் எண்டு உமக்குத் தெரியுமா?"

வரைந்தது நான் என்று அன்று நான் சொல்லவில்லை. "தெரியாது அன்ரி" என்றேன்.

அவர் இறந்த செய்தி அதற்கு முதல் நாள் காலையில் வந்தது. எங்களுடன் படித்த றிஸ்வி தொலைபேசியில் அழைத்து, "அன்ரன் அண்ணன் மௌத்தாகிட்டாராம். டெங்கு" என்றான். ஐந்து நாள் காய்ச்சல். முப்பத்திரண்டு வயது.

வெள்ளவத்தையில் துணிக்கடைக்கு மேலே இருந்த அந்த வகுப்பில் படித்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க். வேலை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வருவார். வகுப்பு முடிந்ததும் கொட்டாஞ்சேனைக்கு பஸ் எடுப்பார். நாங்கள் வேலை தேடுவதற்காகப் படித்தோம். அவரிடம் கார் ஓட்டும் கொம்பியூட்டர் விளையாட்டு ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு த்ரீவீல் ஆட்டோவை, அதுவும் காலி நகருக்குப் போகும் எங்கள் காலி வீதியில், ஓடவிட வேண்டும் என்பதற்காகவே அவர் படிக்க வந்தார். "வெளிநாட்டு ரோட்டில எனக்கென்ன வேலை?" என்று கேட்டார்.

முதல் கிழமையே விளையாட்டின் கோப்பைத் திறந்து, விளங்காமலே சில எண்களை மாற்றினார். கார் வீதியைத் துளைத்துக்கொண்டு கீழே போய் மறைந்தது.

"அண்ணன், எங்க போறீங்க, கெணத்துக்கா?" என்றான் றிஸ்வி.

"கீழால போனா செக்கிங் இல்லையடா" என்றார் அன்ரன் அண்ணா.

எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அந்த விளையாட்டின் சீடியை உறைக்குள் போட்டு றிஸ்வியிடமே கொடுத்தார். "மூண்டு மாசத்துக்கு நான் கேட்டாலும் தராத. ஆனா ஆவன்னா தெரியாமக் கதை எழுத வெளிக்கிட்டனான்."

அந்த மூன்று மாதமும் அவர் புரோகிராம் எழுதுவதன் அடிப்படைகளை, மாறி, நிபந்தனை, சுற்று என்று முதலிலிருந்து படித்தார். அவருக்கு எதுவும் கெதியில் ஏறாது. ஆனால் ஏறியது இறங்காது. இரண்டு பேருக்கு ஒரு கணினி என்பதால், அவரும் நானும் புரோகிராமைத் தாளில் எழுதி, விரலை வைத்து வரி வரியாக வாசிப்போம். என் பிழை எனக்குத் தெரியாதபோது அவர் சொல்வார்: "மெஷின் மொக்கு, தங்கச்சி. அதைப் போல மொக்கா இருந்து வாசியுங்கோ. நீங்க கெட்டித்தனமா வாசிக்கிறபடியாத்தான் பிழை தெரியேல்ல."

நிபந்தனை மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. நான் ஒரு நாள் சோதனைச் சாவடியை வைத்து விளங்கப்படுத்தினேன். அடையாள அட்டை இருந்தால் போ, இல்லாவிட்டால் நில். அடுத்த சாவடியிலும் அதையே செய். வீடு வரும்வரை திரும்பச் செய்; அது சுற்று.

"அப்ப நான் தினமும் ஓடுற புரோகிராம் இதுதானா?" என்று சிரித்தார்.

அதிலிருந்துதான் அந்தப் படம் வந்தது. விளையாட்டுக்கு எப்படியும் காலி வீதி வேண்டும். வெள்ளவத்தைப் பாலத்திலிருந்து தொடங்கி, என் கொப்பியில் இரண்டு பக்கத்துக்கு வீதியை வரைந்தேன். ஒவ்வொரு தடுப்பையும் குறித்தேன். விளையாட்டுக்குத் தூரம் எண்ணாக வேண்டும் என்பதால் நடந்து போய், காலடியால் அளந்து எழுதினேன். யுத்தமும் குண்டுவெடிப்புமாய் இருந்த அந்தக் காலத்தில், அந்த வீதியில், ஒரு தமிழ்ப் பிள்ளை செய்யக்கூடிய வேலையா அது? எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் இருவரும் விளையாட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மாலை அவர் பார்த்து எழுதுவதற்காக அந்தக் கொப்பியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். நானும் மருதானையில் மாமி வீட்டுக்குப் போக அவருடன் அதே பஸ்ஸில் ஏறினேன். வழியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பொலிஸ்காரர் அவர் பையிலிருந்து கொப்பியை எடுத்துப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் நிறுத்தினார்.

"மேக்க காகெத?" யாருடையது என்று கேட்டார்.

"மகே" என்றார் அன்ரன் அண்ணா. என்னுடையது.

எனக்கும் அவருக்கும் இடையில் பத்தடி தூரம்கூட இல்லை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பஸ்ஸில் ஏறினேன்.

ஓர் இரவும் ஒரு பகலும் அவரை வைத்திருந்தார்கள். அவருடைய சட்டத்தரணி போய்த்தான் வெளியே எடுத்தார். மூன்றாம் நாள் வகுப்புக்கு வந்து, "இன்ஸ்பெக்டருக்கு நிபந்தனையும் சுற்றும் விளங்கப்படுத்தினனான். என்னை விடக் கெதியாப் பிடிச்சிட்டார்" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார். நான் தனியே பேசப் போனபோது குரலைத் தாழ்த்தினார்: "நீங்க வாய் திறந்திருந்தா ரெண்டு பேரையும் ஏத்தியிருப்பாங்கள். எனக்கு லோயர் இருக்கிறார், உங்களுக்கு யார் இருக்கினம்? இதை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்."

இரண்டு மாதத்தில் அவருக்குப் பேசியிருந்த கலியாணம் நின்றது. உள்ளே இருந்து வந்தவருக்குப் பெண் கொடுக்க அவர்கள் விரும்பவில்லை. "அது சரிவராது தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்றைய பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்டார். அவர் வீட்டில் அவரைத்தான் திட்டினார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த த்ரீவீல் கடைசியில் ஓடியது. தடுப்பு ஒன்றும் இல்லாத காலி வீதியில் ஓடி, பம்பலப்பிட்டிச் சந்தியில் குடை சாய்ந்தது. "இதிலயாவது நிக்காமப் போவம் எண்டு பார்த்தன்" என்றார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வாசிப்புமுறைதான். எழுதியது என்னுடையதென்றாலும் ஒன்றும் தெரியாதவளாக இருந்து வரி வரியாக வாசிப்பது. நான் பேசாமல் இருந்ததற்கு எனக்கு நானே சொல்லிவந்த காரணங்களையும் அப்படி வாசித்துப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டதற்காகப் பேசாமல் இருந்தேன் என்பது பாதிதான் உண்மை. மீதி பயம். இந்த நினைவுக் குறிப்பை அச்சில் போடுவது புத்தியா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்கு முந்திய கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போய், அவருடைய அம்மாவிடமும் அக்காவிடமும் சொன்னேன். அம்மா எழுந்து குசினிக்குப் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தார். பிறகு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்றார். குடித்தேன்.

மறுநாள் அக்கா தொலைபேசியில் அழைத்தார். "பூசைக்கு நீங்க வரவேண்டாமாம். அம்மாவுக்கு உங்களைப் பார்க்க ஏலாதாம்."

வகுப்பிலிருந்து நீங்கள் எல்லோரும் போனீர்கள். நான் போகவில்லை.